செடி அலமாரிக்குள் சூடு எப்படிச் சேர்கிறது, எப்படி இறக்குவது?

வீட்டுக்குள் ஒரு சின்ன அலமாரியில் எல்இடி விளக்கு மாட்டி லெட்யூஸ், பேசில், கொத்தமல்லி வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்கிற சுவர் சூடுதான். விளக்கு போட்ட இரண்டு மணி நேரத்தில் உள்ளே தெர்மாமீட்டர் 36, 37 என்று ஏறிவிடும். இலை ஓரம் கருகும். லெட்யூஸ் கசந்துபோய்த் தண்டு நீண்டு பூக்கப் பார்க்கும். ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் ஊட்டநீரில் வளர்ப்பது என்றால், தொட்டித் தண்ணீரில் வேர் பழுப்பேறி வழவழவென்று ஆகிவிடும். உடனே எல்லாரும் கேட்பது, "எந்த ஃபேன் வாங்கலாம்?"

அதைக் கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய எண்கள் இரண்டு. அலமாரிக்குள் எத்தனை வாட் மின்சாரம் போகிறது? அலமாரி நிற்கிற அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது? இந்த இரண்டும் கையில் இருந்தால், எந்த ஃபேன், எவ்வளவு பெரிய ஓட்டை, ஏசி தேவையா என்பதெல்லாம் கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் போடக்கூடிய கணக்கு. இவை தெரியாமல் வாங்கும் பொருள்களில் பாதி பரணுக்குத்தான் போகும். அந்தச் செலவைத் தவிர்க்கவே இந்தக் கட்டுரை.

பேச்சு தெளிவாக இருக்க ஓர் அலமாரியை மனதில் வைத்துக்கொள்வோம். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரம். சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை மூலையில் நிற்கிறது. உள்ளே 100 வாட் எல்இடி குரோ லைட். மே மாதம். அறையில் 33 டிகிரி.

உள்ளே போகிற வாட் அத்தனையும் சூடுதான்

"எல்இடி சூடாகாது" என்று கடைக்காரர் சொல்வார். பழைய குண்டு பல்போடு ஒப்பிட்டால் அது சரி. ஆனால் அலமாரியின் கணக்கில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நல்ல எல்இடி, வாங்குகிற மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியை ஒளியாக்குகிறது. மீதி அங்கேயே சூடாகி, பின்னால் இருக்கும் அலுமினியத் தகட்டின் வழியாகக் காற்றில் இறங்குகிறது. சரி, ஒளியான பாதி என்ன ஆகிறது? இலையில் விழுகிறது, சுவரில் விழுகிறது, மண்ணில் விழுகிறது. விழுந்த இடத்தில் உறிஞ்சப்பட்டு அதுவும் சூடாகிறது. ஒளிச்சேர்க்கையில் செடி சேமித்துவைப்பது நூற்றில் சில பங்குதான். ஆக, மூடிய பெட்டிக்குள் 100 வாட் எல்இடியும் 100 வாட் ஹீட்டர் காயிலும் கொடுக்கிற சூடு ஒன்றே. எல்இடியின் பெருமை, அதே ஒளியைக் குறைந்த வாட்டில் தருவது. அந்தப் பெருமையைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமானால் வாட்டைக் குறைக்க வேண்டும். 100 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் எல்இடி மாட்டினால் சூட்டில் ஒன்றும் மிச்சமாகாது.

விளக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் சின்ன ஃபேன், தண்ணீர் பம்ப், டைமர், விளக்கின் டிரைவர் (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) எல்லாமே இந்தக் கணக்கில் வரும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மீன்தொட்டி பம்ப், தன் வாட்டில் பெரும்பங்கை நேராகத் தண்ணீரில்தான் கொட்டும். வேர் ஏன் வெந்நீரில் நிற்கிறது என்று திகைப்பவர்கள் அந்தப் பம்பின் மேல் என்ன வாட் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். "1000 வாட்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்கிற ஊதா விளக்குகள் பல, உண்மையில் 100 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். அந்த 1000 என்பது வேறெதற்கோ சமம் என்ற விளம்பரக் கணக்கு. பிளக்கில் செருகிப் பார்க்கும் பவர் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அலமாரிக்கு வாங்கும் முதல் பொருள் அதுவாக இருக்கட்டும்.

எங்கே போய் நிற்கும்?

100 வாட் இடைவிடாமல் உள்ளே போகிறது என்றால் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகாதா? போகாது. ஓட்டை வாளிக்கு மேல் குழாயைத் திறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏற ஏற, ஓட்டை வழியாக வெளியேறும் வேகமும் கூடும். ஒரு மட்டத்தில் வருவதும் போவதும் சமமாகி வாளி அப்படியே நிற்கும். அலமாரியில் குழாய் என்பது வாட். ஓட்டை என்பது சுவர் வழியாகவும் காற்று வழியாகவும் சூடு வெளியேறும் பாதை. மட்டம் என்பது, அறையைவிட உள்ளே எத்தனை டிகிரி கூடுதல் என்பது.

இதில் கவனிக்க வேண்டியது, உள்ளே 37 டிகிரி என்பது தனியாக நிற்கிற எண் அல்ல. அது "அறை 33, அதற்கு மேல் 4". அறை 28-க்கு இறங்கினால் அலமாரி தானாக 32-க்கு இறங்கும். ஆகவே தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும்: உள்ளே ஒன்று, அறையில் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அலமாரியின் குணம். அதைத்தான் நீங்கள் மாற்ற முடியும்.

காற்றுப் போக்கே இல்லாமல் கதவை மூடிவிட்டால் சூடு சுவர் வழியாகத்தான் கசிய வேண்டும். நம் அளவு அலமாரி இரும்பு பீரோவாக இருந்தால், காகிதக் கணக்கில் 100 வாட்டுக்கு அறையைவிட ஏழு டிகிரி போல ஏறும். முக்கால் அங்குலப் பிளைவுட் என்றால் பத்து, பதினொன்று. சுற்றிலும் ஓர் அங்குலத் தெர்மாகோல் ஒட்டியிருந்தால் இருபத்தைந்தைத் தாண்டும். அதாவது 33 டிகிரி அறையில், தெர்மாகோல் ஒட்டிய மூடிய அலமாரி 58 டிகிரிக்குப் போகப் பார்க்கும்.

வெள்ளையாக இருக்கிறது, ஒளியைத் திருப்பி அடிக்கும் என்று பலர் உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டுகிறார்கள். தெர்மாகோல் குளிர்ச்சி தராது, சூட்டின் பாதையை அடைக்கும். அடைப்பு எப்போது உதவும்? உள்ளே வெளியைவிடக் குளிராக இருந்தால், அதாவது உள்ளே ஏசியோ குளிர்நீரோ இருந்தால். உள்ளே சூடு, வெளியே அதைவிடக் குறைவு என்ற நிலையில் அது எதிரி. ஒளி திரும்ப வேண்டுமானால் பளபளப்பு இல்லாத வெள்ளைப் பெயின்ட் அடித்தால் போதும். டிரைவர் பக்கத்தில் தெர்மாகோல் இருப்பது தீ ஆபத்தும்கூட.

முதலில் குழாயைக் குறையுங்கள்

ஃபேனுக்குப் போகும் முன் கேட்க வேண்டியது: அந்த 100 வாட் உண்மையிலேயே தேவையா?

செடிக்குத் தேவையான ஒளியை மைக்ரோமோல் கணக்கில் அளப்பார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்ற கணக்கு அது. லெட்யூஸ், கொத்தமல்லி, பேசில் போன்ற இலைப்பயிர்களுக்கு 200 மைக்ரோமோல் ஒளியை 14 முதல் 16 மணி நேரம் கொடுத்தால் நன்றாகவே வரும். இரண்டடிக்கு இரண்டடி என்பது 0.37 சதுர மீட்டர். 200-ஐ அதால் பெருக்கினால் 74. நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் தருகிறது. 74-ஐ 2.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 30 வாட். சுவரில் வீணாவதற்கும் சேர்த்துத் தாராளமாக 40 வாட் வைத்துக்கொள்ளலாம்.

கீரை வளர்க்க 40 வாட் போதும் என்ற இடத்தில் 100 வாட் எரிந்தால், 60 வாட் சூட்டை முதலில் காசு கொடுத்து உள்ளே கொண்டுவந்து, பிறகு காசு கொடுத்து வெளியே தள்ளுகிறோம். டிம்மர் உள்ள விளக்கென்றால் குறையுங்கள். இல்லையென்றால் சின்ன விளக்கு வாங்குங்கள். தக்காளி, மிளகாய், ஸ்ட்ராபெர்ரி போன்ற காய்க்கும் பயிருக்கு இதைவிடக் கூடுதல் ஒளி வேண்டும் என்பது உண்மை. அதனால்தான் எங்கள் ஊர் வெயில் காலத்தில் சின்ன அலமாரிக்கு அவை தோதான பயிர்கள் அல்ல என்று நினைக்கிறேன். மாடியில் இலவசமாக வெயில் கிடைக்கும்போது மிளகாயை அறைக்குள் அடைப்பானேன்?

அடுத்தது டிரைவர். மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அந்தச் செவ்வகப் பெட்டி, தான் வாங்குவதில் பத்து முதல் பதினைந்து சதவீதத்தைச் சூடாக்குகிறது. பல விளக்குகளில் அது தகட்டின் முதுகில் திருகி இருக்கும். ஒயர் நீளம் இடம் கொடுத்தால் கழற்றி அலமாரியின் கூரைக்கு வெளியே வையுங்கள். எந்தச் செலவும் இல்லாமல் அந்தப் பங்கு சூடு வெளியேறிவிடும். மின்வேலை தெரிந்தவர் துணையோடு செய்யுங்கள். காற்று பம்பையும் வெளியே வைத்து, குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். அப்போது அது அலமாரியின் சூட்டுக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் ஊதாமல், அறைக் காற்றை ஊதும்.

ஃபேன் கணக்கு

இனி ஃபேன். ஒரு கன மீட்டர் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 1200 ஜூல் வேண்டும். இதிலிருந்து வரும் சூத்திரம் மிக எளிது. வாட்டை மூன்றால் பெருக்குங்கள். அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் பரவாயில்லை என்று முடிவு செய்து, அந்த எண்ணால் வகுங்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும் என்பது விடை. ஃபேன் பெட்டியில் இருக்கும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) கணக்குக்கு மாற்ற 0.59-ஆல் பெருக்குங்கள்.

100 வாட், மூன்று டிகிரி கூடலாம். 300-ஐ 3-ஆல் வகுத்தால் மணிக்கு 100 கன மீட்டர், அதாவது 59 சிஎஃப்எம். சரி, ஒரு டிகிரிதான் கூடலாம் என்றால்? 300 கன மீட்டர். மூன்று மடங்கு ஃபேன், மூன்று மடங்கு இரைச்சல், கிடைப்பது இரண்டு டிகிரி. அதற்கு மேலும் பெரிய ஃபேன் போட்டால் கிடைப்பது அரை டிகிரி, கால் டிகிரி என்று தேய்ந்துகொண்டே போகும். பூச்சியத்தை ஒருநாளும் தொடாது. இப்போது விளக்கை 40 வாட்டாக்கிப் பாருங்கள். இரண்டு டிகிரி கூடலாம் என்றால் 120-ஐ 2-ஆல் வகுத்து மணிக்கு 60 கன மீட்டர், 35 சிஎஃப்எம். 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று இந்த வேலையைச் செய்துவிடும். 12 வோல்ட், இரண்டு மூன்று வாட், சத்தமும் கேட்காது.

அட்டையில் போட்டிருக்கும் சிஎஃப்எம், முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில் அளந்தது. ஓட்டை, வலை, வளைந்த குழாய் எல்லாம் சேர்ந்தால் பாதி கிடைத்தால் பெரிது. எனவே கணக்கில் வருவதைப்போல இரண்டு மடங்கு எழுதியிருக்கும் ஃபேனை வாங்குங்கள்.

ஃபேனைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது காற்று உள்ளே வரும் வழியில். சூடான காற்று மேலே ஏறும். ஆகவே ஃபேன் கூரையிலோ பின்சுவரின் உச்சியிலோ இருந்து வெளியே இழுக்க வேண்டும். உள்வழி எதிர்ப்பக்கச் சுவரின் அடியில் இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று மூலைக்கு மூலை குறுக்காகப் போய்ச் செடிகளையும் விளக்கையும் தடவிக்கொண்டு வெளியேறும். இரண்டும் ஒரே பக்கம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வந்த காற்று வந்த வழியே போய்விடும்; மறுமூலை வெந்துகொண்டிருக்கும். உள்வழியின் பரப்பு, ஃபேன் ஓட்டையின் பரப்பைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு 15 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் சதுரம் சரியாக இருக்கும். கொசுவலை அடித்தால் இன்னும் பெரிதாக வெட்டுங்கள், மாதம் ஒருமுறை வலையைத் துடையுங்கள். நம் ஊர்த் தூசியில் அந்த வலை சீக்கிரமே சாம்பல் நிறத் துணியாகிவிடும்.

காற்று உண்மையில் எங்கே போகிறது என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். கதவை மூடி, ஃபேனை ஓடவிட்டு, புகையும் நுனியை உள்வழி ஓட்டையின் அருகில் பிடியுங்கள். புகை வளைந்து சட்டென்று உள்ளே இழுபட வேண்டும். நேராக மேலே போனால், ஃபேன் வேறு எங்கிருந்தோ காற்று எடுக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது கதவின் கீல் பக்க இடுக்காக இருக்கும். அதே ஊதுபத்தியைக் கதவு விளிம்பு நெடுகக் கொண்டுபோனால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டி, மறுபடி பாருங்கள்.

வெளியே தள்ளிய காற்று எங்கே போகிறது என்பதும் முக்கியம். ஜன்னல் மூடிய சின்ன அறையில் 100 வாட் 16 மணி நேரம் எரிந்தால், நாளுக்கு 1.6 யூனிட் சூடு அந்த அறையில்தான் சேரும். அறை ஏறும், அறையோடு அலமாரியும் ஏறும். ஒரு வளையும் குழாயை மாட்டி ஜன்னலுக்கோ பால்கனிக்கோ கொண்டுபோனால் நல்லது. முடியாவிட்டால் அறைக் கதவையாவது திறந்து வையுங்கள். (அந்த 1.6 யூனிட் இரண்டு மாதத்தில் 96 யூனிட் ஆகிறது. 40 வாட் என்றால் 38 யூனிட்டோடு போகும்.)

அறைதான் தரை

இவ்வளவு செய்தும் அலமாரி அறைக்குக் கீழே இறங்காது. எத்தனை ஃபேன் போட்டாலும் உள்ளே வருவது அறைக் காற்றுதானே. 33 டிகிரிக் காற்றை எவ்வளவு வேகமாக ஊதினாலும் அது 33 டிகிரிதான். லெட்யூஸுக்குப் பிடித்தது 18 முதல் 24. இங்கேதான் ஃபேன் வேலை முடிந்து, அறையைப் பற்றிய யோசனை தொடங்குகிறது.

முதல் வழி நேரத்தை மாற்றுவது. செடிக்குச் சூரியன் எப்போது உதிக்கிறது என்ற கவலை இல்லை. அதற்கு விளக்கு எரியும் நேரமே பகல். அதை இரவில் எரியவிட்டு, மதியச் சூட்டில் அணைத்துவிடலாம். எத்தனை மணிக்குப் போடுவது என்பதை மட்டும் வீட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் கடைசித் தளத்து வீடுகளில் கான்கிரீட் கூரை பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம்தான் கீழே இறக்கும். வெளியே கடற்காற்று வீசிக்கொண்டிருக்க, இரவு எட்டு மணிக்கு அறை கொதிக்கும். அப்படிப்பட்ட வீட்டில் மாலை ஆறுக்கு விளக்கைப் போட்டால் இரண்டு சூடும் ஒன்றுசேரும். இரவு பத்து மணிக்குப் போட்டு, மறுநாள் மதியத்துக்குள் அணைப்பது மேல். சில நாள் அறைத் தெர்மாமீட்டரை மணிக்கொருமுறை குறித்துப் பார்த்தால் உங்கள் அறை எப்போது குளிர்கிறது என்று தெளிவாகிவிடும்.

இரண்டாவது, வீட்டில் ஏற்கெனவே ஓடும் ஏசி. இரவில் ஆட்கள் தூங்கும் அறையில் ஏசி ஓடுகிறது என்றால் அலமாரியின் இடம் அதுதான். ஒரு டன் ஏசி 3500 வாட் சூட்டை வெளியேற்றக்கூடியது. அதற்கு உங்கள் 40 வாட் ஒரு பொருட்டே அல்ல. ஏசி அதற்காகக் கூடுதலாக இழுப்பது பத்துப் பதினைந்து வாட்தான். விளக்கு எரியும் நேரமும் ஏசி ஓடும் நேரமும் ஒன்றாகிவிட்டால், மே மாதத்திலும் அலமாரி 27, 28-ல் நிற்கும். கதவு இடுக்கில் ஒளி கசிந்து தூக்கத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று ஓட்டைகளுக்கு முன்னால் கறுப்பு அடித்த அட்டையை ஒரு வளைவாக வைத்தால் காற்று வரும், ஒளி வராது.

மூன்றாவது, தண்ணீரை ஆவியாக்கும் ஏர் கூலர். இதற்கு ஊர் முக்கியம். ஆவியாதலால் காற்று இறங்கக்கூடிய கடைசி எல்லையை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். 35 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் என்ற வறண்ட காற்றுக்கு அது சுமார் 22. கோடையில் உள்மாவட்டங்களின் வறண்ட பிற்பகல்களில் கூலர் அதனால்தான் சுகமாக இருக்கிறது. அதே 35 டிகிரியில் 60 சதவீத ஈரம் என்றால் அது 28-ஐத் தாண்டிவிடும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் கூலர் வைத்தால், சில டிகிரிதான் இறங்கும், கூடவே அலமாரி ஈரக்காடாகி இலையில் பூஞ்சை வரும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்க வேண்டாதவை

மேசையில் வைக்கும் யுஎஸ்பி "மினி ஏசி" என்பது தண்ணீர் நனைத்த பஞ்சும் சின்ன ஃபேனும். அதன் கதை மேலே சொன்ன கூலர் கதைதான்.

பெல்டியர் தகடு பலரை மயக்குகிறது. ஒரு பக்கம் சில்லென்று, மறுபக்கம் சூடு, ஓடும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் 60 வாட் மின்சாரம் இழுத்து, நடைமுறையில் அதில் பாதியளவு சூட்டைக்கூட அது நகர்த்தாது. நகர்த்தியதும் தான் தின்ற 60 வாட்டும் சேர்ந்து மறுபக்கம் கொட்டும். அந்தச் சூட்டை வெளியேற்ற இன்னொரு பெரிய தகடும் ஃபேனும் வேண்டும். அந்த மெனக்கெடலுக்கு விளக்கை 20 வாட் குறைத்துவிடலாம்.

பழைய மினி ஃபிரிட்ஜுக்குள் விளக்கு மாட்டும் யோசனையும் அடிக்கடி வருகிறது. உள்ளே வைத்த தண்ணீர் பாட்டிலைக் குளிர்வித்துவிட்டு அவ்வப்போது ஓய்வெடுக்கும்படி செய்யப்பட்டது அதன் கம்ப்ரசர். இடைவிடாமல் எரியும் ஹீட்டரை உள்ளே வைத்தால் ஓய்வே இல்லாமல் ஓடித் தேய்ந்துவிடும்.

ஐஸ் பாட்டில்? ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். 100 வாட் அலமாரி அதை 56 நிமிடத்தில் கொடுத்துவிடும். மணிக்கு ஒரு பாட்டில் யார் மாற்றுவது? ஆனால் இதே பாட்டிலுக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது.

வேரைக் குளிர்வியுங்கள்

ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் வளர்ப்பவர்களுக்கு இதுதான் மிகப் பெரிய கதவு. காற்று சூடாக இருந்தாலும் வேர் குளிர்ந்திருந்தால் லெட்யூஸ் தாங்கும். சிங்கப்பூரின் தேசிய கல்விக் கழக ஆய்வாளர்கள் 1990-களில் இதைச் செய்து காட்டினார்கள். பகலில் 38 டிகிரி வரை போகும் வெப்பமண்டலப் பசுமைக்குடிலில், வேர்ப்பகுதியை மட்டும் 20 டிகிரியில் வைத்து, காற்றில் தொங்கும் வேர்களுக்கு ஊட்டநீரைத் தெளித்து லெட்யூஸ் வளர்த்தார்கள். வேரும் சூடான செடிகளைவிட அவை நன்றாக வளர்ந்தன.

காரணங்களில் ஒன்று ஆக்சிஜன். 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 7.6-க்கு இறங்கிவிடும். சூட்டில் வேர் சுவாசிக்கும் வேகமோ கூடும். தேவை ஏறும்போது இருப்பு இறங்குகிறது. அந்த இடைவெளியில்தான் பித்தியம் என்ற வேரழுகல் நோய் நுழைகிறது. பழுப்பேறி வழவழக்கும் வேர் அதன் வேலை.

இப்போது அந்த ஐஸ் பாட்டில். பத்து லிட்டர் ஊட்டநீரை 30 டிகிரியிலிருந்து 22-க்கு இறக்க எவ்வளவு சூட்டை எடுக்க வேண்டும்? 335 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுப்பது 334. கணக்கு இவ்வளவு பொருந்தி வருவது தற்செயல்தான் என்றாலும் நினைவில் வைத்துக்கொள்ள வசதி: பத்து லிட்டர் தொட்டிக்கு ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில், எட்டு டிகிரி. காற்றில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் காணாமல் போகும் அதே ஐஸ், தண்ணீரில் போட்டால் அரை நாள் வேலை செய்யும். மூடி இறுகிய பாட்டிலாகப் போடுங்கள். ஐஸை நேராகக் கொட்டினால் உரக் கரைசல் நீர்த்துவிடும். உறையும்போது தண்ணீர் விரியும் என்பதால் பாட்டிலை முக்கால் அளவுக்குச் சற்று மேலே மட்டும் நிரப்புங்கள். இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டு, ஒன்று தொட்டியில் இருக்கும்போது மற்றது ஃப்ரீசரில் இருக்கட்டும்.

அரை நாள் நிற்க வேண்டுமானால் தொட்டிக்குப் போர்வை வேண்டும். அலமாரிச் சுவரில் வேண்டாம் என்ற தெர்மாகோலுக்கு இடம் இங்கேதான், ஏனென்றால் இங்கே உள்ளேதான் குளிர். மீன் வரும் தெர்மாகோல் பெட்டி கிடைத்தால் கழுவிக் காயவைத்துத் தொட்டியை அதற்குள் இறக்கிவிடுங்கள். இன்னும் நல்லது, தொட்டியையே அலமாரிக்கு வெளியே நிழலில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விடுவது.

இலையின் பக்கம்

உள்ளே ஒரு சின்ன கிளிப் ஃபேன் சுற்றிக்கொண்டிருப்பது அலமாரியின் சூட்டைக் குறைக்காது. தன் பங்குக்கு இரண்டு மூன்று வாட் கூட்டவே செய்யும். ஆனாலும் அது வேண்டும். இலையைச் சுற்றிப் படிந்து நிற்கும் ஈரக் காற்றை அது கலைத்துவிடும். இலை வேர்த்துத் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். லெட்யூஸின் நடுக்குருத்து ஓரம் கருகுவது, அந்த இளம் இலைகளுக்குக் கால்சியம் போய்ச் சேராததால். கால்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் ஏறும். காற்றே படாத நடுக்குருத்து தண்ணீரை இழுப்பதில்லை. ஃபேனைச் செடியின் உச்சியை நோக்கி மெதுவாக வீசவிட்டால் இது பெரிதும் குறையும்.

இந்த வேர்வையின் பலம் சின்னதல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 0.68 யூனிட் சூட்டை எடுத்துக்கொள்ளும். நன்றாக வளர்ந்த செடிகள் நாளுக்கு ஒரு லிட்டர் குடித்தால், நம் 40 வாட் விளக்கு 16 மணி நேரத்தில் கொடுக்கும் 0.64 யூனிட்டை அவையே உறிஞ்சி நீராவியாக்கிவிடுகின்றன. அந்த நீராவியை எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ள வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நாற்று இருக்கும்போது கொதித்த அலமாரி, செடி அடர்ந்ததும் தானாக ஓரிரு டிகிரி இறங்குவது இதனால்தான். விளக்கு எரியாதபோதும் ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் ஈரம் தேங்காது.

அளப்பதில் ஒரு எச்சரிக்கை. தெர்மாமீட்டரின் சென்சார் மேல் விளக்கு நேராக விழுந்தால் அது காற்றைக் காட்டாது, தான் சூடேறியதைக் காட்டும். இலை மட்டத்தில், ஒரு சின்ன வெள்ளை அட்டை நிழலில் தொங்கவிடுங்கள். வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டினால் ஃபேனை மட்டுமல்லாமல் விளக்கையும் அதோடு இணையுங்கள்: 34 டிகிரியைத் தாண்டினால் விளக்கு அணையட்டும். ஃபேன் எப்போதாவது நின்றுபோகும். அன்று நீங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் இடம் என்பதால் ஈஎல்சிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) உள்ள இணைப்பிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொய்ந்து மேலே ஏறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும்.

ஏசியும் இல்லை, அறை இரவிலும் 31-க்குக் கீழே இறங்குவதில்லை என்றால், கோடையின் மூன்று மாதம் பயிரை மாற்றுங்கள். தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் சூட்டுக்கென்றே அமைந்த ஒளிச்சேர்க்கை முறை கொண்டவை. 33 டிகிரியில் லெட்யூஸ் துவளும்போது இவை தழைக்கும். பேசிலும் தாக்குப்பிடிக்கும். லெட்யூஸை நவம்பருக்கு ஒத்திவையுங்கள். ஏசி அறையில் வளர்ப்பவர்கள் கோடையிலேயே விதைப்பதானால் இன்னொன்றையும் கவனியுங்கள்: லெட்யூஸ் விதை 30 டிகிரி ஈரத்தில் பெரும்பாலும் முளைக்காமல் உறங்கிவிடும். ஈர டிஷ்யூ காகிதத்தில் மடித்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்து எடுத்து, இரவில் விதையுங்கள்.